எக்ஸெப்ஷனுக்கு டெஸ்ட் எழுதுவது: ஓர் எடைமேடை நிரலை வைத்து

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பைத்தானில் ஒரு சிறிய பில்லிங் நிரல் எழுதியிருக்கிறேன். தவறான உள்ளீடு வந்தால் எக்ஸெப்ஷன் எழ வேண்டும் என்று பைடெஸ்டில் டெஸ்ட் எழுதினேன். எல்லாம் பச்சையாக ஓடியது. கடையில் ஓட்டியபோது அதே தவறான உள்ளீட்டை நிரல் பேசாமல் ஏற்றுக்கொண்டது. டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது? எக்ஸெப்ஷனைச் சரியாகச் சோதிப்பது எப்படி? வரக்கூடிய எல்லாப் பிழைக்கும் டெஸ்ட் எழுத வேண்டுமா?"

தம்பி, நீங்கள் அனுப்பிய டெஸ்டில் முதல் வரியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. எனக்கும் இதே வரிதான் ஒரு முறை பாடம் கற்றுக்கொடுத்தது. அந்தக் கதையை வைத்தே சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: எக்ஸெப்ஷன் என்பது நிரல் மேலே தொடர முடியாதபோது எழுப்பும் பிழை; டெஸ்ட் என்பது நிரலைச் சோதிக்கும் சிறு நிரல்; பைடெஸ்ட் அந்த டெஸ்டுகளை ஓட்டும் கருவி, பாஸ் ஆனால் பச்சை, தவறினால் சிவப்பு காட்டும். வாசிக்க வசதியாக நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் தட்டச்சு செய்யும்போது பைத்தானின் சொற்களை அவற்றின் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 'நிகர_எடை', 'லோடு' போன்ற பெயர்களை அப்படியே தமிழில் வைக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்கும்.

நான் இருப்பது சத்துவாச்சாரியில். சில வருடங்களுக்கு முன்னால் ராணிப்பேட்டை பக்கம் ஓர் எடைமேடைக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து உப்பிட்ட தோல் ஏற்றிய லாரிகள் அங்கே வந்து எடை போடும். வேலை எளிதுதான். லாரியை ஒரு முறை காலியாக நிறுத்தி எடை எடுப்பார்கள், ஒரு முறை லோடோடு. லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் நிகர எடை. சீட்டில் அது அச்சாகும். உப்புத் தோலில் நீர் வடிந்துகொண்டே இருக்கும்; இங்கே அடிக்கிற வெயிலில் காலையில் போட்ட எடை மாலையில் இருக்காது. அதனால் வாங்குபவரும் விற்பவரும் அந்தச் சீட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். சீட்டு தவறினால் பணமே தவறும்.

ஆபரேட்டர் அவசரத்தில் இரண்டு எடையையும் மாற்றிப் போட்டுவிட்டால் நிரல் நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு சோதனை வைத்தேன்: லோடு எடை காலி எடையை விடக் குறைவாக இருந்தால் எக்ஸெப்ஷன். அதற்கு ஒரு டெஸ்டும் எழுதினேன்:

வித் பைடெஸ்ட்.ரெய்சஸ்(எக்ஸெப்ஷன்):
    நிகர_எடை(9480, 12650)

அடைப்புக்குறியில் முதலில் லோடு எடை, அடுத்து காலி எடை. உள்ளே இருக்கும் அழைப்பு எக்ஸெப்ஷன் எழுப்பினால் டெஸ்ட் பாஸ். பச்சை. ஒரு மாதம் கழித்து முதலாளி சீட்டில் வண்டி எண்ணும் வேண்டும் என்றார். ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ஒரு வண்டி எண் சேர்த்தேன். சேர்த்ததும் பல டெஸ்டுகள் சிவப்பாகின, எல்லாவற்றையும் திருத்தினேன். மேலே உள்ள டெஸ்ட் மட்டும் சிவப்பாகவே இல்லை. ஆகவே அதைத் தொடவும் இல்லை. பிறகு நிரலை ஒழுங்குபடுத்தும்போது அந்தச் சோதனை இருந்த நான்கு வரியை இன்னொரு ஃபைலுக்கு நகர்த்தினேன், அழைக்க மறந்தேன். அப்போதும் பச்சை.

ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு போன். "அண்ணா, சீட்டுல மைனஸ் போட்டுக்கினு வருதுணா. டிரைவர் கத்தறாரு." சீட்டில் நிகர எடை −3170 கிலோ. பின்னால் ஆறு லாரி நிற்கிறது. கையால் சீட்டு எழுதச் சொல்லிவிட்டு நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

டெஸ்ட் ஏன் பச்சையாகவே இருந்தது? மூன்று மதிப்பு கேட்கும் ஃபங்ஷனுக்கு டெஸ்ட் இரண்டுதான் கொடுக்கிறது. பைத்தான் ஃபங்ஷனுக்குள் நுழையாமலே 'ஒரு ஆர்குமென்ட் குறைகிறது' என்று டைப் எரர் எழுப்புகிறது. டைப் எரரும் எக்ஸெப்ஷன் வகையில் ஒன்று. நான் கேட்டது 'ஏதாவது எக்ஸெப்ஷன்'. கிடைத்தது ஏதோ ஒரு எக்ஸெப்ஷன். என் எடைச் சோதனை இருக்கிறதா இல்லையா என்பதை அந்த டெஸ்ட் ஒரு மாதமாகப் பார்க்கவே இல்லை.

உங்கள் டெஸ்டிலும் இதேதான் நடந்திருக்கிறது. நீங்கள் ஃபங்ஷன் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டிருக்கிறீர்கள். நேம் எரர் எழுகிறது, டெஸ்ட் பாஸ் ஆகிறது. அந்தப் பெயரில் ஃபங்ஷனே இல்லாமல் பாஸ் ஆகியிருக்கிறது. மற்ற டெஸ்டில் எழுத்துப்பிழை வந்தால் உடனே சிவப்பு காட்டிக்கொடுக்கும். எக்ஸெப்ஷனைச் சோதிக்கும் டெஸ்டில் மட்டும்தான் நம் எழுத்துப்பிழையே டெஸ்டைப் பாஸ் ஆக்கும். இந்த வகை டெஸ்டில் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, திருத்துவோம். முதல் வேலை, எந்த வகை என்று குறுக்குவது. எக்ஸெப்ஷனை எடுத்துவிட்டு, தவறான மதிப்புக்கு எழும் வேல்யூ எரர் போட்டால் மேலே சொன்ன இரண்டு விபத்தும் நடக்காது. டைப் எரரும் நேம் எரரும் வேல்யூ எரர் குடும்பத்தில் இல்லை. ஆனால் அதோடு நிறுத்த முடியாது. ரெய்சஸ் நாம் சொன்ன வகையை மட்டுமல்ல, அதன் வாரிசுகளையும் ஏற்கும். வேல்யூ எரரின் வாரிசுகள் நிறைய. ஜேசான் என்ற வடிவில் தரவு வைத்திருக்கும் ஃபைல் கெட்டுப்போயிருந்தால் வரும் ஜேசான் டிகோட் எரர் ஒரு வேல்யூ எரர். யூனிகோட் டிகோட் எரரும் அப்படித்தான். இது நமக்கு அடிக்கடி வரும். பழைய கடைகளில் வாடிக்கையாளர் பட்டியல் டிஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் இருக்கும். அதை யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் என்று நினைத்துத் திறந்தால் யூனிகோட் டிகோட் எரர் எழும். 'பட்டியலில் எடை தவறாக இருந்தால் வேல்யூ எரர்' என்று டெஸ்ட் எழுதியிருந்தால், எடையைப் பார்ப்பதற்கு முன்பே ஃபைலைத் திறக்கும்போது எழுந்த பிழையில் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எழுத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் ஃபங்ஷனுக்கு 'அஆஇ' கொடுத்தால் வேல்யூ எரர். பணம் என்பதால் பைத்தானின் தசம எண் வகையான டெசிமலுக்கு மாறினீர்கள் என்று வையுங்கள். டெசிமலுக்கு அதே 'அஆஇ'யைக் கொடுத்தால் எழுவது இன்வேலிட் ஆபரேஷன். அது அரித்மெடிக் எரர் குடும்பம். வேல்யூ எரர் இல்லை. உங்கள் நிரலில் 'எக்செப்ட் வேல்யூ எரர்' என்று பிடிக்கிற இடமெல்லாம் அன்றிலிருந்து பிடிக்காது. வகையைக் குறிப்பாகச் சொல்லும் டெஸ்ட் இருந்தால் மாற்றிய அன்றே தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில் சிறந்த வழி, உங்கள் நிரலுக்கென்று சொந்தமாக எக்ஸெப்ஷன் வகை வைத்துக்கொள்வது. நான் எடைப்பிழை, வண்டிஎண்பிழை என்று இரண்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சில வரி கிளாஸ்தான்; தவறான எடை போன்ற மதிப்புகளை அதிலேயே வைத்தனுப்பலாம். வேறு எந்த நூலகமும் எடைப்பிழையை எழுப்பப் போவதில்லை. அது எழுந்தால் என் வரியிலிருந்துதான் எழுந்திருக்க வேண்டும்.

இப்போது இன்னும் நுணுக்கமான இடத்துக்கு வருவோம். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வகை சரியாக இருக்கும், காரணம் தவறாக இருக்கும். சொந்த வகை வைப்பதற்கு முன்னால் என் ஃபங்ஷன் முதலில் வண்டி எண்ணைப் பார்க்கும், பிறகு எடையைப் பார்க்கும். இரண்டுக்கும் வேல்யூ எரர்தான். எடைக்கான டெஸ்டை நான் திருத்தியபோது அவசரத்தில் வண்டி எண்ணுக்கு 'எக்ஸ்' என்று ஓர் எழுத்தைக் கொடுத்தேன். எடைதானே சோதனை, வண்டி எண் எதுவாக இருந்தால் என்ன என்று நினைப்பு. வண்டி எண் சோதனை அங்கேயே வேல்யூ எரர் எழுப்பிவிட்டது. எடை வரிக்கு நிரல் போகவே இல்லை. டெஸ்ட் பச்சை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எக்ஸெப்ஷன் டெஸ்ட் எழுதும் முன் எல்லாம் சரியாக உள்ள ஒரு சீட்டை எடுத்துக்கொள்வேன்: லோடு 12650, காலி 9480, வேலூர் ஆர்டிஓவின் டிஎன் 23இல் தொடங்கும் சரியான ஒரு வண்டி எண். இதற்கு நிகர எடை 3170 வருகிறது என்று ஒரு சாதாரண டெஸ்ட். அதற்கு அடுத்தபடியாக அதே சீட்டில் ஒரே ஒரு மதிப்பை மட்டும் கெடுப்பேன். எடையை மாற்றிப் போட்டால் எடைப்பிழை, மற்றதெல்லாம் அப்படியே. டிஎன் 23ஐ ராணிப்பேட்டையின் டிஎன் 73 ஆக்கினால் பிழை எழக் கூடாது, மாவட்ட எண்ணையே எடுத்துவிட்டால் வண்டிஎண்பிழை, எடைகள் அப்படியே. இரண்டு டெஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பிழை எழுவதற்குக் காரணம் நாம் கெடுத்த அந்த ஒரு மதிப்புதான் என்று உறுதியாகச் சொல்லலாம். கெட்ட மதிப்புகள் நிறைய இருந்தால் பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் கொண்டு ஒரே டெஸ்டை எல்லாவற்றுக்கும் ஓட்டலாம். எது தவறியது என்பதும் தனித்தனியாகத் தெரியும்.

எல்லைக்கோட்டையும் மறக்காதீர்கள். 9480-க்கு 12650 என்பது வெகுதூரத்து உதாரணம். என் எடைமேடை 10 கிலோ படிகளில்தான் எடை காட்டும். அதனால் லோடு 9490, காலி 9480 என்றால் பிழை எழக் கூடாது. 9470-க்கு எழ வேண்டும். இரண்டும் 9480 என்றால்? இந்தக் கேள்விக்கு நிரல் பதில் சொல்லாது, முதலாளிதான் சொல்ல வேண்டும். நான் போய்க் கேட்டேன். "ஒண்ணுமே ஏத்தாத வண்டிக்கு எதுக்குப்பா சீட்டு?" என்றார். ஆகவே சமமாக இருந்தாலும் பிழை. என் நிரலில் அதுவரை 'குறைவு' என்று மட்டும்தான் இருந்தது. டெஸ்ட் எழுத உட்கார்ந்ததால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது.

எழும் என்று நாம் நம்பும் இடத்தில் எழாத எக்ஸெப்ஷன்கள் சில உண்டு. இதை ஒவ்வொரு தமிழ் நிரலாளரும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்ட் ஃபங்ஷனுக்கு தமிழ் எண் '௧௨' கொடுத்தால் பிழை எழும் என்றுதான் பலர் நினைப்பார்கள். எழாது; 12 என்று திருப்பித் தரும். யூனிகோடில் தமிழ் இலக்கங்கள் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்களாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பத்தைக் குறிக்கும் '௰' கொடுத்தால் வேல்யூ எரர், ஏனென்றால் அது இலக்க வகையில் இல்லை. அதேபோல் '1_000' என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தாலும் 1000 என்று ஏற்கும், பைத்தான் 3.6 முதல் அப்படி. முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலும் ஏற்கும். 12.7 என்ற தசம எண்ணைக் கொடுத்தால் 12 என்று வெட்டிவிடும், பேசாது. '12.7' என்று எழுத்தாகக் கொடுத்தால்தான் வேல்யூ எரர்.

இவற்றில் ஆபத்தானது, எழுத்தைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட். அதற்கு என்-ஏ-என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பிழை எழாமல் 'எண் அல்ல' என்ற மதிப்பு கிடைக்கும். அந்த மதிப்போடு எதை ஒப்பிட்டாலும், பெரிதா, சிறிதா, சமமா என எதைக் கேட்டாலும் விடை 'இல்லை' என்றே வரும். ஆகவே 'லோடு காலியை விடக் குறைவு அல்லது சமம் என்றால் பிழை' என்று எழுதிய சோதனையை அது தாண்டிப் போய்விடும். 'லோடு காலியை விட அதிகம் இல்லையென்றால் பிழை' என்று திருப்பி எழுதினால் மாட்டிக்கொள்ளும். கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இதற்கு ஒரு டெஸ்ட் தனியாக வையுங்கள். எடை காட்டும் கருவியிலிருந்து கேபிள் வழியாக என்ன வரும் என்று நாம் கட்டுப்படுத்த முடியாது.

அடுத்து, வித் தொகுதிக்குள் எத்தனை வரி வைக்கலாம்? ஒன்று. பிழையை எழுப்ப வேண்டிய அந்த ஒரு அழைப்பு மட்டும். பலர் தயாரிப்பு வேலை எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிடுகிறார்கள்: டேட்டாபேஸ் திறப்பது, சீட்டு உருவாக்குவது, பிறகு அழைப்பு. தயாரிப்பில் பிழை எழுந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகும். இன்னொன்றும் நடக்கும். பிழை எழுந்த வரிக்குக் கீழே, அதே தொகுதிக்குள் 'இது உண்மைதானா' என்று சோதிக்கும் அசெர்ட் வரிகள் எழுதினால் அவை ஓடவே ஓடாது. பிழை எழுந்த இடத்திலேயே நிரல் தொகுதியை விட்டு வெளியேறிவிடும். 'அசெர்ட் 1 == 2' என்று எழுதினால்கூட பச்சைதான். எழுந்த எக்ஸெப்ஷனை ஆராய வேண்டுமென்றால் 'அஸ்' போட்டு ஒரு பெயரில் பிடித்துக்கொண்டு, உள்தள்ளலை விட்டு வெளியே வந்து அதன் 'வேல்யூ'வைப் பாருங்கள்:

வித் பைடெஸ்ட்.ரெய்சஸ்(எடைப்பிழை) அஸ் பிடி:
    நிகர_எடை(9480, 12650, நல்ல_எண்)
அசெர்ட் பிடி.வேல்யூ.லோடு == 9480

கடைசி வரி இடது ஓரத்துக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள்.

மேலே நான் செய்தியை ஒப்பிடாமல் லோடு என்ற மதிப்பை ஒப்பிட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரெய்சஸுக்கு மேட்ச் என்று ஒன்று கொடுக்கலாம். எக்ஸெப்ஷனின் செய்தியில் அது இருக்கிறதா என்று பார்க்கும். வசதியானதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சாதாரண ஒப்பீடு இல்லை, ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடல்; அதில் சில குறிகளுக்குத் தனிப் பொருள் உண்டு. செய்தியில் அடைப்புக்குறியோ கேள்விக்குறியோ இருந்தால் பொருளே மாறும், அவற்றை வெறும் எழுத்தாக்கும் ரீ.எஸ்கேப் வழியாகக் கொடுக்க வேண்டும். தமிழ்ச் செய்தி என்றால் இன்னும் ஒரு சிக்கல். 'லோடு' என்ற சொல்லில் உள்ள 'லோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது முன்னால் நிற்கும் ஏகாரக் குறியும் பின்னால் நிற்கும் கால் குறியும் தனித்தனி இரண்டு குறியீடுகளாக இருக்கலாம். திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துத் தொடர். நிரலை ஒரு விசைப்பலகையிலும் டெஸ்டை இன்னொன்றிலும் அடித்திருந்தால் மேட்ச் பொருந்தாது. நீங்கள் அரை மணி நேரம் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கொண்டு இரண்டையும் ஒரே குறியீடாக இணைக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகும். பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; மாறிகளின் பெயர்களைப் பைத்தானே இயல்பாக்கிக்கொள்கிறது. எழுத்துத் தொடர்களை அது தொடாது.

அதனால் என் வழக்கம்: ஆபரேட்டர் படிக்கும் செய்தி தமிழில் இருக்கட்டும், அது மாறிக்கொண்டும் இருக்கட்டும். டெஸ்ட் பார்ப்பது வகையையும், எக்ஸெப்ஷனோடு நான் வைத்தனுப்பிய மதிப்புகளையும். செய்தியைச் சோதிக்க வேண்டுமென்றால் அதில் மாறக் கூடாத ஒரு துண்டை மட்டும். என் நிரலில் அது 12650 என்ற எண். எந்த எடை தவறு என்று ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எக்ஸெப்ஷன் எழுந்த பிறகு என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் டெஸ்டை யாரும் எழுதுவதில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. மைனஸ் சீட்டுப் பிரச்சினையைத் திருத்திய அடுத்த வாரமே இன்னொரு போன். இந்த முறை கணக்கர். "1187-க்கு அப்புறம் 1189 இருக்குது. 1188 எங்கே?" எடைப்பிழை சரியாகத்தான் எழுந்தது. ஆனால் என் நிரல் முதலில் அடுத்த சீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எடையைச் சோதித்தது. பிழை எழுந்ததும் சீட்டு நின்றது, எண் மட்டும் போய்விட்டது. சீட்டுப் புத்தகத்தில் ஓர் எண் இல்லையென்றால் யாரோ ஒரு லாரியைக் கணக்கில் காட்டாமல் அனுப்பியதாகத்தான் பார்ப்பார்கள். ஆபரேட்டர் பையனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவன் மேல் எந்தத் தவறும் இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்.

இப்போது அந்த டெஸ்ட் இப்படி இருக்கிறது. அழைப்புக்கு முன் அடுத்த சீட்டு எண் என்ன, டேபிளில் எத்தனை வரிசை என்று குறித்துக்கொள்ளும். ரெய்சஸ் தொகுதியில் எடைப்பிழை எழும். வெளியே வந்து, சீட்டு எண் அதேதானா, வரிசை எண்ணிக்கை அதேதானா என்று பார்க்கும். பில்லிங் என்றால் ஸ்டாக் குறைந்திருக்கிறதா, பாதி எழுதிய ஃபைல் இருக்கிறதா, டேட்டாபேஸ் ரோல்பேக் ஆனதா, அதாவது பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பாருங்கள்.

கருவி பதில் சொல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் டெஸ்டில் நடத்திக் காட்ட முடியும். கேபிளைப் பிடுங்க வேண்டியதில்லை. பைத்தான் 3.3 முதல் கூடவே வரும், போலிப் பொருள்களைச் செய்துதரும் யூனிட்டெஸ்ட்.மாக்கில் சைடு எஃபெக்ட் என்று ஒன்று உண்டு. அதற்கு ஓர் எக்ஸெப்ஷனைக் கொடுத்தால் போலிக் கருவி அழைக்கப்படும்போது அதை எழுப்பும். பட்டியலாகக் கொடுத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று: முதலில் டைம்அவுட் எரர், அடுத்ததற்கு 9480. 'ஒரு முறை தவறினால் மறுபடி முயலும்' என்ற வாக்குறுதியை இரண்டே வரியில் சோதித்துவிடலாம். மூன்று முறை முயன்றும் டைம்அவுட் என்றால் எழ வேண்டியது உங்கள் சொந்தக் கருவிப்பிழை. அதை 'ஃப்ரம்' போட்டு எழுப்பியிருந்தால், மூலக்காரணம் அதன் காஸ் பண்பில் இருக்கும். அங்கே டைம்அவுட் எரர்தான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிழையை மாற்றி எழுப்பும்போது மூலக்காரணம் தொலைந்தால் இரவு ஒன்பதரைக்கு லாக் ஃபைலைத் திறந்தவனுக்கு ஒன்றுமே தெரியாது.

ஒரு பொறி. ஃபங்ஷனுக்குள் யீல்டு இருந்தால் அது ஜெனரேட்டர். அதை அழைத்தாலும் உள்ளே ஒரு வரிகூட ஓடாது. யாராவது முதல் மதிப்பைக் கேட்கும்போதுதான் ஓடும். ஆகவே ரெய்சஸுக்குள் வெறுமனே அழைத்தால், பிழை எழவில்லை என்று டெஸ்ட் சிவப்பாகும், நீங்கள் நிரலில் தவறு தேடுவீர்கள். லிஸ்டுக்குள் போட்டு ஓட்டிவிடுங்கள். அசிங்க் ஃபங்ஷன்களும் அப்படித்தான், அவெய்ட் செய்யாமல் எதுவும் எழாது.

பைடெஸ்டுக்குப் பதில் பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்டில் எழுதுபவர்களுக்கு: அசெர்ட் ரெய்சஸுக்கு ஃபங்ஷனையும் அதன் மதிப்புகளையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஃபங்ஷனை அங்கேயே அடைப்புக்குறி போட்டு அழைத்துவிட்டால், அசெர்ட் ரெய்சஸ் தொடங்குவதற்கு முன்பே பிழை எழுந்து டெஸ்ட் விழும். பைத்தான் 2.7, 3.1 பதிப்புகளிலிருந்து அதையும் வித்தோடு பயன்படுத்தலாம்; அதுவே தெளிவு. ஜாவாவில் டெஸ்ட் எழுதும் ஜேயூனிட் 4இன் 'எக்ஸ்பெக்டட்' முழு மெத்தடில் எங்கே எழுந்தாலும் ஏற்கும், அதாவது வித் தொகுதிக்குள் எல்லாவற்றையும் போட்ட அதே நோய். ஜேயூனிட் 5இலும் 4.13இலும் இருக்கும் அசெர்ட் த்ரோஸ் ஒரே அழைப்பை மட்டும் சுற்றிப் பிடிக்கும், எழுந்த எக்ஸெப்ஷனைத் திருப்பியும் தரும். ஜாவாஸ்கிரிப்டில் டெஸ்ட் எழுதும் ஜெஸ்ட்டில் டூ த்ரோவுக்கு அழைப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் பொதிந்து கொடுக்க வேண்டும். மொழி மாறினாலும் பார்க்க வேண்டியவை இவைதான், ஆகவே நீட்டவில்லை.

டெஸ்ட் எழுதி முடித்ததும் நான் கட்டாயம் செய்வது ஒன்று. நிரலில் ரெய்ஸ் வரியைக் கமென்ட் ஆக்கிவிட்டு டெஸ்டை ஓட்டுவேன். சிவப்பு வர வேண்டும்; பைடெஸ்ட் 'டிட் நாட் ரெய்ஸ்' என்று வகையின் பெயரோடு சொல்ல வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கமென்டை எடுப்பேன். பச்சையாகவே இருந்தால் டெஸ்ட் வேறு எதையோ சோதிக்கிறது. அந்த மைனஸ் சீட்டு டெஸ்டில் வண்டி எண் சேர்த்த அன்று இதைச் செய்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். மற்ற டெஸ்டுகள் சிவப்பானபோது இது மட்டும் ஏன் ஆகவில்லை என்று அன்றே நான் நின்று பார்த்திருக்க வேண்டும். இப்படிக் கெடுத்துப் பார்ப்பதைத் தானாகச் செய்யும் மட்மட் போன்ற கருவிகளும் உண்டு. நிரல் பெரிதானால் பாருங்கள். இப்போதைக்குக் கையால் செய்வதே போதும்.

கடைசிக் கேள்வி: வரக்கூடிய எல்லாப் பிழைக்கும் டெஸ்ட் வேண்டுமா? வேண்டாம். மெமரி தீர்ந்துபோனால், யாராவது கன்ட்ரோல் சி அழுத்தினால் என்றெல்லாம் போகாதீர்கள். இன்ட்டுக்கு எழுத்தைக் கொடுத்தால் வேல்யூ எரர் எழுகிறதா என்றும் சோதிக்காதீர்கள். அதைப் பைத்தானை எழுதியவர்கள் சோதித்திருக்கிறார்கள். உங்கள் ஃபங்ஷன் அந்த வேல்யூ எரரைப் பிடித்து, கல்லாவில் இருப்பவருக்குப் புரிகிற உங்கள் பிழையாக மாற்றுகிறதா என்பதைச் சோதியுங்கள். நீங்கள் ரெய்ஸ் என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெஸ்ட், எக்செப்ட் என்று பிடிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டெஸ்ட். உங்கள் பில்லிங் நிரலில் எண்ணிப் பார்த்தேன்: ரெய்ஸ் ஒன்பது, எக்செப்ட் நான்கு. இவற்றில் 'விலை' ஃபைலில் 38ஆம் வரியில் இருக்கும் எக்செப்ட் எல்லாப் பிழையையும் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறது. டெஸ்டைத் தொடும் முன் அந்த வரியைத் திருத்துங்கள். நீங்கள் எழுப்பும் ஒன்பதில் மூன்று அங்கே வந்து மறைந்துபோகின்றன. கடையில் தவறான விலையை நிரல் ஏற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான்.